பேயைக் கடைசியில் எழுதுங்கள்

ஜப்பானின் பழைய பேய்க்கதைகளைக் கொண்டு மேசை ரோல்பிளே ஆட்டங்களுக்கு உலகம் சமைத்துக்கொண்டிருக்கும் வடிவமைப்பாளர்களுக்கும், அந்த ஆட்டங்களை நடத்தப்போகும் கேம் மாஸ்டர்களுக்கும்,

சாமுராய்களும் காகித விளக்குகளும் பாழ்கோயில்களும் நிறைந்த ஓர் உலகத்தைக் கையில் எடுத்திருக்கிறீர்கள். இதை எழுத உட்காரும் எவரும் முதல் வேலையாகப் பேய்களைப் பட்டியல் போடத் தொடங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு பேய்க்கும் ஒரு படம், ஹிட் பாயிண்ட், தாக்கும்போது உருட்ட வேண்டிய பகடை, எந்த ஆயுதத்துக்கு அடங்கும், அடங்கினால் என்ன கிடைக்கும் என்று வரிசையாக எழுதிவிட்டால் உலகம் தயாராகிவிட்டது போலத் தோன்றும். 1974இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பழக்கிவிட்ட வழி இது. பட்டியல் போடுவது ஜப்பானியருக்கும் புதிதல்ல. தோரியாமா செகியென் என்ற ஓவியர் 1776இல் வெளியிட்ட படநூலில் பக்கத்துக்கு ஒன்றாக விசித்திர உருவங்கள் அணிவகுத்து நிற்கின்றன, உங்களில் பலர் அதிலிருந்துதான் படங்களை எடுக்கிறீர்கள். ஆனால் செகியென் வரைந்தது கதைகளை ஏற்கெனவே கேட்டு வளர்ந்த நகரத்து வாசகர்களுக்காக. படத்தைப் பார்த்ததும் கதை அவர்கள் நினைவுக்கு வந்துவிடும். உங்கள் மேசையில் உட்காருபவர்களுக்கு அந்தக் கதைகள் தெரியாது. அவர்களிடம் படத்தையும் எண்ணையும் மட்டும் கொடுத்தால், வெள்ளை உடையும் அவிழ்ந்த கூந்தலுமாக வரும் ஓர் எதிரி கிடைப்பாள். அவளை வெட்டிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். ஜப்பானியக் கதைகளில் இறந்தவர் திரும்பி வருவது ஊரில் ஒரு கணக்கு தீராமல் கிடப்பதால். யார் யாருக்கு என்ன செய்யக் கடமைப்பட்டிருந்தார்கள், அதை யார் மீறினார்கள், மீறியதை மறைப்பதால் யாருக்கு லாபம் என்பவை முதலில் தீர்மானமாக வேண்டும். பேய் அதிலிருந்து தானாக வரும். ஆகவே உங்கள் நூலில் பேயைக் கடைசியில் எழுதுங்கள். ஓனி என்னும் கொம்பு முளைத்த அரக்கர்களையும், ஆளை ஏமாற்றும் நரிகளையும், பொதுவாக யோகாய் என்று அழைக்கப்படும் மற்றவற்றையும் பற்றி நான் இங்கே பேசவில்லை. மனிதராக இருந்து செத்து, மனக்குறையோடு திரும்புகிறவர்களைப் பற்றியே பேசுகிறேன். உங்கள் ஆட்டத்தின் உயிர் அவர்களிடம்தான் இருக்கிறது.

பழைய சான்று ஒன்று அரசவையிலிருந்தே கிடைக்கிறது. சுகவாரா நோ மிச்சிசானே பெரிய அறிஞர். வலது அமைச்சர் பதவிவரை உயர்ந்தவர். ஃபுஜிவாரா குலத்து எதிரிகள் அவர்மீது சதிக் குற்றம் சுமத்தினார்கள். 901இல் தலைநகர் கியோத்தோவிலிருந்து கியூஷு தீவின் தஸாய்ஃபுவுக்குத் துரத்தப்பட்டு, 903இல் அங்கேயே இறந்தார். அவரை வீழ்த்திய ஃபுஜிவாரா நோ தொக்கிஹிரா 909இல் இளம் வயதிலேயே போனார். 923இல் பட்டத்து இளவரசர் இறந்தார். 930இல் மழையில்லாக் கொடுமை பற்றி அவை கூடிப் பேசிக்கொண்டிருந்த அரண்மனை மண்டபத்திலேயே இடி விழுந்து ஆட்கள் செத்தார்கள். அந்த அதிர்ச்சியில் படுத்த தைகோ பேரரசரும் சில மாதங்களில் காலமானார். எல்லாம் மிச்சிசானேயின் வேலை என்று தலைநகரம் நம்பியது. இதற்கு அரசு என்ன செய்தது என்பதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். படை அனுப்பவில்லை. 923இல், இறந்து இருபது ஆண்டு ஆன மனிதருக்குப் பறித்த பதவியைத் திருப்பிக் கொடுத்தது. அது போதவில்லை என்பதை 930இன் இடி காட்டியது. 947இல் கித்தானோவில் அவருக்குக் கோயில் எழுந்தது. 993இல் நாட்டின் மிக உயர்ந்த அமைச்சர் பதவியே அவருக்கு அளிக்கப்பட்டது. இன்று அவர் தென்ஜின் என்ற பெயரில் கல்விக்குத் தெய்வம். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் அவரிடம்தான் வேண்டிக்கொள்கிறார்கள்.

ஆட்டத்தின் கண்கொண்டு பார்த்தால் இந்த வரலாற்றில் ஒரு முழு விதித்தொகுப்பே இருக்கிறது. பேயின் பலம் அதன் உடலில் இல்லை. மறுக்கப்பட்ட மதிப்பில் இருக்கிறது. அரசு கொஞ்சம் கொடுத்தால் சீற்றம் கொஞ்சம் தணிகிறது, கஞ்சத்தனமாகக் கொடுத்தால் மறுபடி இடிக்கிறது. மிச்சிசானேக்கு முன்பே இந்த முறை இருந்தது. சவாரா என்ற இளவரசர் 785இல் கொலைச்சதி ஒன்றில் மாட்டி, நாடு கடத்தும் வழியிலேயே பட்டினியால் இறந்தார். 800இல் அவருக்கு, இறந்தவருக்கு, பேரரசர் பட்டம் சூட்டினார்கள். 863இல் கொள்ளைநோய் பரவியபோது அவர் உட்பட ஆறு பேரின் ஆவிகளுக்காகத் தலைநகரின் அரசுத் தோட்டத்தில் சூத்திரம் ஓதி, இசையும் நடனமும் நடத்தி, வாயில்களைத் திறந்துவிட்டுப் பொதுமக்களையும் உள்ளே அனுமதித்தார்கள். அவர்களில் அரசியல் பழி சுமந்து செத்தவர்களே அதிகம். பிழை செய்த அரசு ஊரறியத் தலைகுனிவதைப் பேய் ஓட்டுதல் என்று சொல்வது பொருந்தாது. ஓர் ஆட்டத்துக்கு இதைவிட நல்ல உச்சக்கட்டம் எங்கே கிடைக்கும்? கொல்லப்பட்டவரைப் பெயர் சொல்லி மதிக்கும்படி ஒரு பிரபுவைச் சம்மதிக்க வைப்பது, அதற்கான சாட்சியம் திரட்டுவது, அதை விரும்பாதவர்களின் கத்திக்குத் தப்புவது என்று பல இரவுகள் ஆடலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நிலப்பிரபுத்துவ ஜப்பான் என்று நீங்கள் ஒரே மூச்சில் எழுதிவிடுகிறீர்கள். கமாகுராவில் வீரர்களின் ஆட்சி தொடங்கியதிலிருந்து 1868இல் தொகுகாவா ஆட்சி முடிந்ததுவரை ஏறத்தாழ ஏழு நூற்றாண்டு. மிச்சிசானே அதற்கும் முந்தியவர். காலத்துக்கேற்பக் குற்றம் மாறுகிறது, குற்றத்துக்கேற்பப் பேயும் மாறுகிறது. அரசவைக் காலத்தில் பேயாக வந்தவர்கள் இளவரசர்கள், அமைச்சர்கள். அவர்கள் கோபம் தலைநகரம் முழுவதன்மீதும் நோயாகவும் இடியாகவும் இறங்கியது. வீரர்களின் காலத்தில் பேய் என்றால் தோற்ற போர்ப்படை. 1185இல் தான்னோஉரா கடற்போரில் மூழ்கிய தைரா குலத்தார் அலைகளிலிருந்து எழுந்து வருகிறார்கள். 1603இல் தொடங்கிய எதோ காலத்தின் நகரத்துக் கதைகளிலோ பேய் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. அங்கே வருகிறவர்கள் மனைவியும் வேலைக்காரியும். உயிரோடிருந்தபோது கணவன்மீதும் எஜமானன்மீதும் எங்கே போய் முறையிடுவது என்று வழியற்றிருந்தவர்கள். ஆட்டத்துக்கு எந்த நூற்றாண்டு என்று முடிவு செய்தால், யார் வாய் அடைக்கப்பட்டிருக்கிறது என்பதும் முடிவாகிவிடுகிறது. மூன்று காலத்துப் பேய்களையும் ஒரே கிராமத்தில் குடியேற்றினால் மூன்றுமே வலுவிழக்கும்.

எதோ காலத்தின் பெரிய பேய் ஓயிவா. நான்காம் த்சுருயா நன்போகு எழுதிய யோத்சுயா கபுகி நாடகம் 1825இல் மேடையேறியது. எஜமானனுக்காக வஞ்சம் தீர்க்கும் சாமுராய்களின் விசுவாசக் கதையாகப் பேர்பெற்ற நாற்பத்தேழு ரோனின்களின் நாடகத்தோடு பின்னி, இரண்டு நாள் நிகழ்ச்சியாக அதை முதலில் நடத்தினார்கள். பக்கத்து மேடைக்காட்சியில் கடமைக்காக உயிர்விடும் வீரர்கள், இந்தக் காட்சியில் அதே எஜமானனை இழந்து வேலையில்லாமல் குடை ஒட்டிப் பிழைக்கும் இயேமோன். அவன் தன் மாமனாரை ரகசியமாகக் கொன்றவன். அவன் மனைவி ஓயிவா பிள்ளை பெற்றுப் படுத்திருக்கிறாள். பக்கத்து வீட்டுச் செல்வர் தம் பேத்தியை இயேமோனுக்குக் கட்டிக்கொடுக்க எண்ணி, பிரசவ மருந்து என்று சொல்லி முகத்தைச் சிதைக்கும் விஷத்தை அனுப்புகிறார். நன்றி சொல்லிவிட்டு அதைக் குடிக்கிறாள் ஓயிவா. அடுத்து இயேமோன் அடகு வைக்கப் பொருள் தேடுகிறான். குழந்தையைக் கொசு கடிக்கும் என்று அவள் கெஞ்சியும் கொசுவலையை இழுக்கிறான். அவள் விடாமல் பற்றிக்கொள்ள, நகம் பிய்ந்து வலையோடு போகிறது. பிறகு கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலைவாரப் போகிறாள், சீப்போடு முடி கொத்துக் கொத்தாகக் கழன்று வருகிறது. இத்தனைக்கும் அவள் இன்னும் சாகவில்லை. நாடகத்தின் மிகக் கொடிய பகுதி பேய் வருவதற்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. உங்கள் கையேட்டில் ஓயிவாவின் தாக்கும் திறன் எழுதப்பட்டிருக்கிறது, கொசுவலை எழுதப்படவில்லை.

அவள் செத்த பிறகு என்ன செய்கிறாள் என்பது வடிவமைப்பாளருக்கு இன்னும் பெரிய பாடம். அவள் யாரையும் வாளால் வெட்டுவதில்லை. புதுமணப்பெண்ணின் முகத்தில் இயேமோனுக்கு ஓயிவாவின் முகம் தெரிகிறது, அவனே தன் வாளை உருவி அவள் தலையைச் சீவிவிடுகிறான். அவன் கையால் செத்த வேலையாளின் முகம் அந்தப் பெண்ணின் தாத்தாமேல் தெரிய, அவரையும் கொல்கிறான். ஆயுதம் கொலைகாரனுடையது, கை அவனுடையது, பேய் செய்வது பார்வையை மாற்றுவது மட்டும். இப்படிப்பட்ட பேய்க்கு ஹிட் பாயிண்ட் எதற்கு? வேண்டியது குற்றவாளிக் கதாபாத்திரத்தின் கேரக்டர் ஷீட். அதில் அவன் எத்தனை பொய்யைத் தாங்கிக்கொண்டிருக்கிறான் என்று ஓர் எண் இருக்கட்டும். ஒவ்வொரு புதுப் பொய்க்கும் அது ஏறட்டும், ஏற ஏற அவன் யாரை யாராகப் பார்க்கிறான் என்பதைக் கேம் மாஸ்டர் தீர்மானிக்கட்டும்.

வாள் ஏன் பயன்படாது என்பதை நோ நாடகம் நேராகவே சொல்லிவிடுகிறது. கன்சே நொபுமித்சு எழுதிய ‘ஃபுனா பென்கெய்’ நாடகத்தில் வீரன் யோஷித்சுனே கடலில் தப்பிப் போகிறான். புயல் எழுகிறது. அவன் தோற்கடித்த தைரா தொமோமோரியின் ஆவி நீண்ட கம்பில் பூட்டிய வாளோடு அலைமேல் வருகிறது. யோஷித்சுனே கலங்காமல் வாளை உருவுகிறான். அவனோடு வரும் துறவி பென்கெய் குறுக்கே வந்து, இதற்கு வாள் செல்லாது என்று தடுத்து, ஜபமாலையை உருட்டித் திசைக் காவலர்களை அழைக்கிறான். ஆவி பின்வாங்கி அலைகளில் மறைகிறது. ஜப்பானின் மாவீரன் ஒருவன் படகில் இருந்தும் வாள் உறைக்குள் போகிறது. நோ நாடக ஆசிரியர் ஸேஆமி வளர்த்தெடுத்த ஆவி நாடகங்களின் கட்டமைப்பே ஓர் இரவு ஆட்டத்துக்குத் தயாராக இருக்கிறது. ஊர் ஊராகப் போகும் துறவி ஓரிடத்தில் தங்குகிறார். உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த இடத்தின் பழங்கதையைச் சொல்கிறார். சொல்லும்போதே அளவுக்கு மேல் தெரிந்தவராக இருக்கிறார், மறைகிறார். இரவில் அவரே இறந்தவராக உண்மை உருவில் வந்து, தன் கடைசி நேரத்தை மறுபடி ஆடிக்காட்டி, தனக்காகப் பிரார்த்திக்கச் சொல்கிறார். ‘அத்சுமோரி’யில் அந்தத் துறவியே பழைய குமகாய் நவோஸானே, 1184இல் இச்சினோதானிப் போரில் இளைஞன் அத்சுமோரியைக் கொன்றவர். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், வெட்டிக்கொள்ளவில்லை. ஆட்டக்காரர்களில் ஒருவருக்கு இந்தத் துறவியின் பழைய வாழ்க்கையைக் கொடுத்துப் பாருங்கள்.

இனி உங்கள் மறுப்புகள். முதலாவது எனக்கே தெரிந்து வலுவானது. சண்டை இல்லாமல் யார் மேசைக்கு வருவார்கள்? ஜப்பானியக் கதைகளிலேயே மினமோத்தோ நோ ரைக்கோ ஓயே மலை அரக்கன் ஷூத்தென் தோஜியின் தலையை வெட்டவில்லையா, வத்தனபே நோ த்சுனா ஓனியின் கையைத் துண்டிக்கவில்லையா? வெட்டினார்கள். சண்டைக்கு ஆள் வேண்டுமென்றால் ஓனிகள் இருக்கிறார்கள், அவர்களைவிட அதிகமாக மனிதர்கள் இருக்கிறார்கள். உண்மை வெளிவரக் கூடாது என்று காவல் நிற்கும் வாடகை வாள்களோடு உங்கள் வீரர்கள் எத்தனை முறை வேண்டுமானாலும் மோதட்டும். பேயோடு மோதுவது மட்டும் தோல்வியில் முடியும் என்ற விதி இருந்தால், எதோடு மோதலாம், எதோடு கூடாது என்ற கண்டறிதலே பதற்றத்தைக் கொடுக்கும். பேச்சும் விசாரணையும் சலிப்பூட்டும் என்று நினைப்பவர்கள் சன்யூதேய் என்ச்சோ சொல்லிப் புகழ்பெற்ற பூவிளக்குக் கதையை நினைத்துக்கொள்ளட்டும். பேயாய் வரும் காதலி உள்ளே வராதபடி ஷின்ஸாபுரோவின் வீட்டில் மந்திரச்சீட்டு ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுத் தொமோஸோவிடம் அந்தச் சீட்டைக் கிழிக்கும்படி பேய்கள் கெஞ்சுகின்றன. அவன் நூறு ரியோ கேட்கிறான். பணம் வருகிறது, சீட்டு கிழிகிறது, காலையில் ஷின்ஸாபுரோ எலும்புக்கூட்டின் அருகே பிணமாகக் கிடக்கிறான். இதில் ஒரு கத்திகூட உருவப்படவில்லை. ஆட்டக்காரர்களிடம் அந்த நூறு ரியோவை நீட்டும் கேம் மாஸ்டர் எந்தப் பகடையாலும் கிடைக்காத அமைதியை மேசையில் பெறுவார்.

எல்லாக் கணக்கையும் தீர்த்துவிட முடியுமென்றால் பயம் போய்விடுமே என்று இன்னொருவர் கேட்கலாம். நியாயம். பதில், தீர்வு இருக்கிறது என்பதும் அதற்கு நாம் தயாராக இருக்கிறோம் என்பதும் வேறு வேறு. பத்துத் தட்டில் ஒன்று காணாமல்போன பழியோடு கொல்லப்பட்டுக் கிணற்றுக்குள் போன வேலைக்காரி ஓகிக்கு, இரவுதோறும் ஒன்பதுவரை எண்ணி அலறுகிறாள். மறைந்திருந்த ஒருவர் ‘பத்து’ என்று குரல் கொடுத்ததும் அவள் அடங்கினாள் என்பது ஒரு வடிவம். விதிப்படி அது தீர்வு, ஆனால் கொன்றவன் அப்படியே இருக்கிறான். எண்ணிக்கையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போவதா, கொன்றவனை ஊர்முன் நிறுத்துவதா என்ற கேள்வியை ஆட்டக்காரர்கள் முன் வையுங்கள். இதே ஓகிக்குவை வைத்து ரக்குகோ என்னும் சிரிப்புக்கதை சொல்பவர்கள் ஊரைச் சிரிக்கவும் வைத்திருக்கிறார்கள். அவளைப் பார்க்கக் கூட்டம் கூடுகிறது, ஒருநாள் அவள் பதினெட்டுவரை எண்ணுகிறாள், கேட்டால் நாளைக்கு விடுப்பு என்கிறாள். ஆகவே இடையிடையே நகைச்சுவை வந்தால் உலகம் கெட்டுவிடும் என்று அஞ்ச வேண்டாம்.

வேற்று நாட்டுக் கதைகளில் கைவைக்க உங்களுக்கு என்ன உரிமை என்ற கேள்வி கடைசியாக வரும். கதைகள் எல்லை தாண்டித்தான் வந்திருக்கின்றன. பூவிளக்குக் கதையே சீன மூலத்திலிருந்து 1666இல் அசாய் ரியோயியின் தொகுப்பு வழியாக ஜப்பானுக்குள் நுழைந்தது. காதில்லாத ஹோயிச்சி என்ற பேய்க்கதையை உலகறியச் செய்தது அயர்லாந்திலும் அமெரிக்காவிலும் வாழ்ந்துவிட்டு வந்த லஃப்காடியோ ஹெர்ன், 1904இல். ஆனால் இந்தப் பேய்களில் சிலர் கதையோடு நின்றவர்கள் அல்லர். ஓயிவாவாக நடிப்பவர்கள் நாடகம் தொடங்குமுன் அவள் கோயிலுக்குப் போய்க் கும்பிடுகிறார்கள். 940இல் கொல்லப்பட்ட தைரா நோ மசகாதோவின் தலை மேடு தோக்கியோவின் வங்கிக் கட்டிடங்களுக்கு நடுவே இன்றும் இடம் மாறாமல் இருக்கிறது. வழிபாடு நடக்கும் பெயரை உங்கள் ஆட்டத்தில் வெட்டுப்படும் எதிரியாக வைப்பது அறியாமை. லெஜண்ட் ஆஃப் தி ஃபைவ் ரிங்ஸ் ஆட்டம் ரொகுகான் என்ற கற்பனை நாட்டைப் படைத்துக்கொண்டது இதில் ஒரு வசதி. பெயரை மாற்றினால் மட்டும் போதாது. உங்கள் கற்பனை நாட்டில் கணவனுக்கும் எஜமானனுக்கும் சட்டம் எவ்வளவு இடம் கொடுக்கிறது என்று எழுதாவிட்டால், அங்கேயும் வெள்ளை உடுத்திய எதிரிதான் மிஞ்சுவாள்.

ஆகவே ஒரு வேண்டுகோள். எதோ காலத்தில் 17ஆம் நூற்றாண்டு முதல் ஒவ்வொரு குடும்பமும் ஒரு புத்த கோயிலில் பதிந்தாக வேண்டும், அவர்களின் சாவுச் சடங்குகளும் அங்கேயே நடந்தன. பலருக்கு முப்பத்துமூன்றாம் ஆண்டுவரை நினைவுச் சடங்கு தொடர்ந்தது, அதன்பின் இறந்தவர் தனிப்பெயர் இழந்து முன்னோர்களில் கலந்துவிடுவார். உங்கள் கையேட்டின் முதல் அத்தியாயமாக அப்படியொரு கோயிலின் பதிவேட்டை எழுதிப் பாருங்கள். இருபது பெயர் போதும். யார் எப்போது இறந்தார், சடங்குக்கு யார் பணம் கட்டினார், யாருக்கு எந்த ஆண்டோடு நின்றது, எந்த வரி சுரண்டி அழிக்கப்பட்டிருக்கிறது, அந்தக் கோயிலின் கூரையை அடுத்த ஆண்டே புதிதாக வேய்ந்து கொடுத்த செல்வர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பேய்களின் பட்டியலுக்கு அப்போதும் இடம் மிஞ்சினால் பின்னிணைப்பில் சேர்த்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் ஆட்டங்களைக் காத்திருந்து வாசிப்பவர்களில் ஒருவன்